மைசூர் மைன்ஸில் ஒரு மார்புப் படம்

கல்யாணப் பத்திரிகைகள், பழைய ரேஷன் கார்டு, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் காக்கி உறை இருந்தது. கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் லைன் வீடு ஒன்றின் முன்னறையில் தரையில் உட்கார்ந்து, தகரப் பெட்டியைத் துழாவி எடுத்துக் கொடுத்தார் அந்த அம்மா. உறையைப் பிரித்ததும் காடி வாடை மூக்கில் ஏறியது. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் சிதையத் தொடங்கினால் அப்படித்தான் மணக்கும்.

"எங்க மாமனாரு படம் தம்பி. பழைய எக்ஸ்ரேக்குக் காசு தரேன்னு ஒருத்தன் தெருவுல வருவான். எல்லாரும் எடுத்துப் போட்டுட்டாங்க. நான் போடல."

ஃபிலிமில் வெள்ளி உண்டு. உருக்கிப் பிரித்தெடுக்கலாம். தங்கம் எடுத்த ஊரில், தங்கம் எடுத்தவர்களின் நெஞ்சுப் படங்கள் வெள்ளிக்காகப் போய்விட்டன.

படத்தின் ஓரத்தில் 64 என்ற எண். உறைக்குள் மடித்து வைத்த ஒரு துண்டுச் சீட்டு. அதில் மங்கிய ஆங்கிலத்தில் இரண்டே வரி: இரு நுரையீரல்களின் மேல்மண்டலங்களிலும் நிழல், காசநோய்.

"டிபின்னு எழுதிட்டாங்க. எங்க மாமனாரு டிபில சாவல தம்பி. கல்லத் தின்னு செத்தாரு. முப்பது வருசம் மிஷின் புடிச்சாரு."

மிஷின் என்றால் பாறையைத் துளைக்கும் துரப்பணக் கருவி. நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துபவன். நோய் கண்டறிவது என் வேலை இல்லை. ஆனால் அந்தச் சீட்டில் இருந்த ஒரு சொல் என் வேலைக்குள் வந்தது. மேல்மண்டலம். ஏன் மேலே? காசமோ, கல்தூசியோ, ஏன் இரண்டையும் பற்றிப் பேசும்போது எல்லோரும் நுரையீரலின் உச்சியைக் காட்டுகிறார்கள்? அந்தக் கேள்வியோடு கிளம்பியதுதான் இந்தத் தேடல்.

இரண்டு ஆண்டுகள்

முதலில் போனது எளிதான இடத்துக்கு. கே. பார்க்கின் சமூக மருத்துவப் பாடநூலை இந்தியாவில் மருத்துவம் படித்த யாரும் தவிர்த்திருக்க முடியாது. கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்து 1947-இல் அறிவிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி வரும். பரீட்சைக்காக நானும் மனப்பாடம் செய்த வரி. தொழில்சார் நோய்களைப் பற்றி அகமதாபாத்திலிருந்து வந்த ஆய்வெழுத்துகளைப் புரட்டினால் வேறோர் ஆண்டு நிற்கிறது: 1934. அங்கே, கோலார் சுரங்க மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர் அதை அறிவித்ததாக இருக்கிறது.

பதின்மூன்று ஆண்டு வித்தியாசம். ஒரு நோய்க்கு இரண்டு பிறந்தநாள் எப்படி வரும்?

நடுவில் இருப்பது இது: 1940-க்கும் 1946-க்கும் இடையில் கோலார் சுரங்கத் தொழிலாளர் 7,653 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. இந்தக் கணக்கு வெளிவந்த காலத்தைத்தான் பாடநூல் பிறந்தநாளாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒரு மருத்துவர் கண்டது ஒரு தேதி, ஆயிரக்கணக்கில் எண்ணியது இன்னொரு தேதி. இடைப்பட்ட ஆண்டுகளில் மிஷின் பிடித்தவர்களில் ஒருவர்தான் அந்த அம்மாவின் மாமனார்.

பெங்களூரில், கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில், மைசூர் சமஸ்தானத்துச் சுரங்க ஆய்வாளர் அறிக்கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாவுக்கு அவற்றில் நேர்த்தியான கட்டங்கள் உண்டு. பாறை சரிந்து, வெடிமருந்தால், ஷாஃப்ட் எனும் செங்குத்துக் குழியில் விழுந்து, அதில் ஏறி இறங்கும் கேஜ் மோதி. கட்டத்துக்குள் எண். ஒரே நாளில் நடந்து முடிந்த சாவுக்கெல்லாம் ஒரு கட்டம் கிடைத்தது. இருபது ஆண்டு மூச்சிழுத்துச் செத்தவருக்கு விபத்துப் பட்டியலில் ஏது கட்டம்? மைசூர் மைன்ஸ் அம்மா சொன்னதும் நினைவுக்கு வந்தது: "முடியாதவங்க ஊருக்குப் போயிடுவாங்க." வட ஆற்காட்டுக்கும் சேலத்துக்கும் சித்தூருக்கும் திரும்பிப் போன நெஞ்சுகள் எந்தச் சுரங்கத்தின் கணக்கிலும் ஏறுவதற்கு வழியில்லை.

உடம்பைப் பதிவு செய்வதில் சுரங்கத்துக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. 1930-இல் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது கோலாரே வேலையை நிறுத்தியது. ஜானகி நாயர் 1998-இல் வெளியிட்ட மைசூர்த் தொழிலாளர் வரலாற்று நூலில் அந்தப் போராட்டத்தை விரிவாகப் படிக்கலாம். அதே 1930 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் சிலிக்கோசிஸுக்கென்றே ஒரு மாநாடு கூட்டியது. தென்னாப்பிரிக்கத் தங்கம் தன் தொழிலாளரின் நெஞ்சைப் பற்றி உலகைக் கூட்டிப் பேசிய வருடத்தில், கோலார்த் தங்கம் கட்டைவிரலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

வெக்கையின் கோப்பு

தேடலில் ஒரு கட்டுரை கிடைத்ததும் துள்ளினேன். லண்டன் சுரங்கவியல், உலோகவியல் நிறுவனத்தின் 1944-ஆம் ஆண்டுத் தொகுதி. எழுதியவர் ஏ. காப்லன். கோலார்ச் சுரங்கத்தின் அடியில் வேலை செய்பவர்கள் மயங்கி விழுவதைப் பற்றிய ஆய்வு. எண்பது பக்கத்துக்கு மேல். 1946-இல் லிண்ட்சே என்பவரோடு சேர்ந்து, ஆழச் சுரங்க வெப்பத்தில் உழைப்புத் திறன் எப்படிக் குறைகிறது என்று சோதனை நடத்தி எழுதிய இன்னொன்று.

இரண்டும் வெக்கையைப் பற்றியவை. நான் தேடியது தூசியை. ஆனாலும் மூடி வைக்கவில்லை; ஏனென்றால் என் குற்றவாளியின் முதல் தடயம் அதில்தான் அகப்பட்டது.

கோலாரின் தரைமட்டமே கடலுக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து 3 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கீழே போனது. காற்றுக்கு எடை உண்டு. மேலே உள்ள காற்று கீழே உள்ளதை அமுக்குகிறது. 3 கிலோமீட்டர் அடியில் காற்றழுத்தம் மேலே இருப்பதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமுங்கும் காற்று சூடேறும்: உலர்ந்த காற்றானால் ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே கதை. பாறையின் சொந்தச் சூடு வேறு, அடித்தளங்களில் 60 டிகிரியைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்ந்த காற்றைத் தள்ளினாலும், போகும் வழியிலேயே பூமியின் இழுப்பு அதைச் சூடாக்கி விடுகிறது.

ஊர்க்காரர்கள் "ஏர் பிளாஸ்ட்" என்று சொல்லிப் பழகிய பாறை வெடிப்பும் அந்த இழுப்பின் இன்னொரு கைவரிசை. தலைக்கு மேல் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் பாறையின் பாரம், குடைந்த இடத்தைச் சுற்றித் திரண்டு, தாங்காத கணத்தில் சிதறும்.

வெக்கை, வெடிப்பு. இரண்டுக்கும் கோப்பு இருந்தது. இரண்டின் அடியிலும் இருந்தது ஈர்ப்பு விசை. மூன்றாவதாக அது ஒரு மனிதனின் நெஞ்சுக்குள், ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்துக்குள் வேலை பார்த்ததற்குத்தான் கோப்பு இல்லை.

கணக்கு இடித்த இடம்

எண்ணிப் பாருங்கள்: கோலார் மொத்தம் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்தது. அதற்காக உடைத்த தாது 5 கோடி டன்னுக்கு மேல். சராசரியாகப் பார்த்தால் ஒரு பவுன் தங்கத்துக்கு அரை டன் கல். தங்கம் ஓடியது குவார்ட்ஸ் நரம்புகளில். குவார்ட்ஸ் என்றால் சுத்தமான சிலிக்கா. தண்ணீர் பாய்ச்சாமல் துளைத்தால் மிஷின் முனையிலிருந்து மாவு பறக்கும். அதில் கண்ணுக்குத் தெரிவது ஆபத்தில்லை. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வந்துவிடும். மைக்ரான் கணக்கில் ஐந்துக்கும் கீழே உள்ள துகள்தான் காற்றோடு காற்றாக நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை போகும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதது.

உள்ளே போன துகளை விழுங்க அங்கே செல்கள் காத்திருக்கின்றன. பாக்டீரியாவை விழுங்கிச் செரிக்கும் அவற்றுக்குச் சிலிக்கா செரிப்பதில்லை. விழுங்கிய செல் சாகிறது, துகள் வெளியே வருகிறது, அடுத்த செல் விழுங்குகிறது. செத்த இடத்தில் தழும்பு. தழும்பின் மேல் தழும்பு. வேலையை விட்டு இருபது ஆண்டு ஆனாலும் இது நிற்பதில்லை.

இதுவரை பாடநூல். இனி வந்தது முரண்.

நிமிர்ந்து நிற்கும் மனிதன் இயல்பாக மூச்சிழுக்கும்போது காற்று நுரையீரல் முழுக்கச் சமமாகப் போவதில்லை. அடிப்பகுதிக்கு அதிகம், உச்சிக்குக் குறைவு. இதை நான் வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறேன். காற்று கீழே அதிகம் போனால் தூசியும் கீழே அதிகம் போக வேண்டும். நிழல் கீழே விழ வேண்டும். சீட்டில் இருப்பதோ மேல்மண்டலம். சிலிக்கோசிஸ் படங்கள் உலகெங்கும் அப்படித்தான். முதலில் கறுப்பது, அதாவது படத்தில் வெளுப்பது, மேல்பகுதி.

என் கரும்பலகையும் அந்த அம்மாவின் படமும் ஒன்றையொன்று பொய் என்றன.

கயிறும் தண்ணீரும்

விடையை நோக்கி என்னை நகர்த்தியது மைசூர் மைன்ஸில் நின்றிருந்த ஒரு பழைய ஹெட்கியர். ஷாஃப்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரம், உச்சியில் சக்கரம், அதில் ஏறி இறங்கிய கேஜ் கயிறு இப்போது இல்லை. உடன் வந்த ஓய்வுபெற்ற வைண்டிங் ஆபரேட்டர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: "கேஜ் வெயிட்டு மட்டும் இல்ல சார், கயிறே கயிற இழுக்கும்."

ஆழ ஷாஃப்டில் தொங்கும் கயிற்றின் மேல்முனை, கேஜையும் தாங்கித் தனக்குக் கீழே உள்ள மொத்தக் கயிற்றையும் தாங்குகிறது. ஆகவே மேல்முனைதான் அதிகம் இழுபட்டு நிற்கும். கீழ்முனைக்குத் தாங்க வேண்டியது கேஜ் மட்டும்.

நுரையீரலும் நெஞ்சுக்கூட்டுக்குள் அப்படித்தான் தொங்குகிறது. நிற்கும் ஒருவரின் நுரையீரல் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். உச்சியில் உள்ள நுண்ணறைகள் கீழே உள்ளவற்றின் பாரத்தில் ஏற்கெனவே விரிந்து கிடக்கின்றன. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையின் அழுத்தத்தை அளந்தால், உச்சியில் நீர்மட்டக் கணக்கில் மைனஸ் 10 சென்டிமீட்டர், அடியில் மைனஸ் 2.5. 1967-இல் கிளேசியரும் கூட்டாளிகளும் தலை மேலே இருக்கும்படி நிறுத்தி உறைய வைத்த நாய்களின் நுரையீரலை வெட்டிப் பார்த்தார்கள். உச்சி நுண்ணறையின் கொள்ளளவு அடியில் உள்ளதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது.

ஏற்கெனவே இழுபட்ட ரப்பரை மேலும் இழுப்பது கடினம். தளர்ந்து கிடப்பது சுலபமாக நீளும். அதனால்தான் புதிதாக வரும் மூச்சில் பெரும்பங்கு அடிப்பகுதிக்குப் போகிறது. மான்ட்ரியலில் மிலிக்-எமிலியின் குழு 1966-இல் கதிரியக்க செனான் வாயுவை முகரவைத்து, நெஞ்சின் மேல் கருவி வைத்து, இதை எண்ணிக் காட்டியது.

கயிறு பாதிக் கதை. மறுபாதி தண்ணீர்.

சுரங்கத்தின் கடைசித் தளத்தில் எப்போதும் தண்ணீர் தேங்கும். இடைவிடாமல் பம்ப் ஓடினால்தான் வேலை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்ற பிறகு ஆழத் தளங்கள் நீரில் மூழ்கின. நுரையீரலில் ரத்தத்தின் கதையும் இதுவே. வலப்பக்க இதயம் நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்பும் அழுத்தம் மிகக் குறைவு, உடம்புக்குப் போகும் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குபோல. உச்சி வரை ஏற்ற அது திணறுகிறது. ரத்தம் கீழே திரள்கிறது. லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் வெஸ்ட், டாலரி இருவரும் 1960-இல் கதிரியக்க ஆக்சிஜன் கலந்த கரியமில வாயுவைக் கொண்டு இதை நேரடியாக அளந்தார்கள்.

உச்சியிலிருந்து அடிக்கு வர வரக் காற்றும் கூடுகிறது, ரத்தமும் கூடுகிறது. ஆனால் ரத்தம் கூடும் வேகம் மிக அதிகம். ஆகவே உச்சியில் காற்று, ரத்தத்தைவிட மூன்று மடங்குக்கு மேல்; அடியில் ரத்தம்தான் அதிகம். வெஸ்ட் கணக்கிட்ட அளவில் உச்சி நுண்ணறையின் ஆக்சிஜன் அழுத்தம் 130 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டுகிறது. அடியில் 90-ஐத் தொடவில்லை. ஒரே மூச்சு, ஒரே நெஞ்சு, முப்பது சென்டிமீட்டரில் இரண்டு தட்பவெப்பம்.

இந்தக் கணக்கு வகுப்பறைக்கு வெளியே பலரின் கண்ணில் பட்டது 2020-இல். கொரோனா வார்டுகளில் மூச்சுத் திணறியவர்களைக் குப்புறப் படுக்கச் சொன்னார்களே, அது இதே கணக்கின் பயன். மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்க நுரையீரல் பாரத்தில் நசுங்குகிறது. கவிழ்ந்தால் அது விடுபட்டுக் காற்று வாங்குகிறது.

போனதும் தங்கியதும்

என் தவறு அப்போதுதான் புலப்பட்டது. எவ்வளவு தூசி உள்ளே போனது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். எவ்வளவு வெளியே வந்தது என்று எண்ணவில்லை.

நுண்ணறையில் விழுந்த துகளை விழுங்கிய செல்கள் வெளியேற ஒரு வழி நிணநீர். ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீர்தான் நிணநீராகிறது. குழாயில் அழுத்தம் இருந்தால் கசிவு இருக்கும், கசிவு இருந்தால் ஓட்டம் இருக்கும். உச்சியில் ரத்தமே ஏறத் திணறுகிறது என்றால் நிணநீர் ஓட்டமும் மந்தம். போதாததற்கு மேல் விலா எலும்புகளின் அசைவும் குறைவு. பிசைந்து தள்ளும் கையும் அங்கே சோம்பல். கீழே அதிகம் தூசி விழுகிறது, அதிகம் கழுவியும் போகிறது. மேலே குறைவாக விழுகிறது, விழுந்தது கிடக்கிறது. தெருவில் எவ்வளவு குப்பை போட்டார்கள் என்பதைவிட, வண்டி எந்தத் தெருவுக்கு வரவில்லை என்பதுதான் குப்பைமேட்டைத் தீர்மானிக்கிறது.

1983-இல் குட்வின், டெஸ்பிரெஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் செஸ்ட் இதழில் இதை எடுத்து எழுதினார்கள். அவர்கள் கட்டுரை எனக்குக் கிடைத்த நாளில் இன்னொன்றும் சேர்ந்து கிடைத்தது: கல்தூசியின் பெருந்தழும்பையும் காசநோயையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்திருந்தார்கள்.

காசம் உச்சியைத் தேடுவது பழைய சங்கதி. 1887-இலேயே ஜெர்மனியின் யோகன்னஸ் ஓர்த், நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு உச்சியில் ரத்தம் போதாமல் போவதுதான் காரணம் என்று ஊகித்தார். 1946-இல் வில்லியம் டாக் அதே வழியில் வாதாடினார். நான்கு காலில் நிற்கும் மாட்டுக்குக் காசம் வந்தால் முதுகுப் பக்கத்தில்தான் அதிகம் பிடிக்கிறது. மாட்டுக்கு அதுதானே மேல்பக்கம். காசக் கிருமி ஆக்சிஜனை விரும்புவது. உச்சியில் அது நிறைய. கிருமியைத் துடைக்க வரும் நிணநீரோ குறைவு. கோலாருக்குப் பக்கத்து மதனப்பள்ளியில் 1915 முதல் இயங்கிய ஆரோக்கியவரம் போன்ற காசநோய் இல்லங்களில் நோயாளிகளை மாதக் கணக்கில் படுக்க வைத்தார்கள். படுத்தால் உச்சிக்கும் ரத்தம் எட்டும் என்பதை அந்தப் படுக்கையின் நியாயங்களில் ஒன்றாக டாக் சொன்னார். பிறகு சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959-இல் காட்டி, படுக்கைக் காலத்தை முடித்து வைத்தது.

ஆக, சந்தேகத்துக்குரிய இருவருக்கும் ஒரே விலாசம். அந்த விலாசத்தைக் கொடுத்தது ஈர்ப்பு விசை. போதாக்குறைக்கு முதலாமவன் இரண்டாமவனுக்குக் கதவும் திறந்துவிடுகிறான்: சிலிக்கா தின்று செத்த விழுங்கு செல்கள் காசக் கிருமியைத் தடுக்க முடியாது. கல்தூசி நெஞ்சுக்குக் காசம் வரும் வாய்ப்பு பல மடங்கு.

ஒன்றை மட்டும் அடக்கிச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியும் ஈர்ப்பு விசைக்கு மட்டும் இல்லை. 1991 ஜூனில் கொலம்பியா விண்கலத்தில் எடையற்ற நிலையில் மூச்சை அளந்தபோதும் காற்றின் பங்கீடு முழுதாகச் சமமாகவில்லை. மூச்சுக்குழாய்கள் கிளைவிடும் விதத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வாழ்நாள் முழுக்க நின்றும் குனிந்தும் மிஷின் பிடித்தவருக்கு மேல் எது, கீழ் எது என்பதைத் தீர்மானித்தது பூமிதான்.

ஒரு நிபந்தனை

இதில் என்ன, காசமோ கல்லோ செத்தவர் செத்தார் என்று கேட்கலாம். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. காசம் யாருக்கும் வரும், அதற்கு முதலாளி பொறுப்பில்லை. சிலிக்கோசிஸ் வேலையில்தான் வரும், அதற்கு ஈட்டுத்தொகை உண்டு. 1934-இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் ஈட்டுத்தொகைக்குரிய நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது சிலிக்கோசிஸைச் சேர்த்தது. காசம் கூட இருந்தாலும் பரவாயில்லை என்றது. ஒரு நிபந்தனை வைத்தது. இயலாமைக்கோ சாவுக்கோ சிலிக்கோசிஸ் இன்றியமையாத காரணமாக இருக்க வேண்டும். இந்தியத் தொழிலாளர் ஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் அதே நிபந்தனை வந்து உட்கார்ந்தது.

இன்றியமையாத காரணம். இரண்டு நோயும் ஒரே மேல்மண்டலத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும்போது எது இன்றியமையாதது என்று ஒரு படத்தைப் பார்த்து யார் சொல்வது? சொல்ல முடியாதபோது எளிதான சொல் எழுதப்படுகிறது. ராஜஸ்தான் கல்குவாரித் தொழிலாளர்கள் காசம் என்று நினைத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டே செத்தது இந்தக் காலத்துக் கதை. அந்த மாநிலம் 2019-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட வேண்டியதாயிற்று. துண்டுச் சீட்டின் இரண்டாவது வரியை எழுதியவர் பொய் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பார்த்த இடத்தில் விடை இல்லை.

வேரில்

கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் கதிர்ப்படம் பார்ப்பவன். அவனிடம் ஃபிலிமைக் கொண்டுபோனேன். வெளிச்சப் பெட்டியில் மாட்டினான். நான் பழக்க தோஷத்தில் மேல்மண்டலத்தைக் காட்டி, கயிறு, தண்ணீர், நிணநீர் என்று அடுக்கினேன். சிறிது நேரம் கேட்டான்.

"எல்லாம் சரிடா. மேல இருக்கிறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நீயே சொல்ற. அப்புறம் ஏன் மேலயே பாத்துட்டு இருக்க? கழுவிட்டுப் போனது எங்க போச்சுன்னு பாரு."

விரலை நெஞ்சின் நடுவுக்கு, நுரையீரலின் வேருக்கு இறக்கினான். மூச்சுக்குழாயும் ரத்தக் குழாயும் உள்ளே நுழையும் இடம். நுரையீரலின் நிணநீர் வந்து சேரும் கணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. உருப்பெருக்கியை வைத்தான். மங்கலான வெண்திட்டுகளுக்கு நடுவே இரண்டு, பிறகு மூன்று மெல்லிய வளையங்கள். உள்ளே இருள், ஓரம் மட்டும் வெள்ளை. உடைத்துப் போட்ட முட்டை ஓட்டை ஓரத்திலிருந்து பார்ப்பது போல.

கணுவின் வெளியோரம் மட்டும் சுண்ணாம்பேறி நிற்பதற்கு முட்டை ஓட்டுச் சுண்ணாம்பேற்றம் என்றே பெயர். சிலிக்கோசிஸ்காரர்களில் நூற்றுக்கு ஐந்து பேரின் படத்தில்தான் அது தெரியும். வேறு சில நோய்களிலும் அபூர்வமாக வரும். ஆனால் முப்பது வருடம் பாறை துளைத்தவரின் படத்தில் அது தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை என்றான்.

அடிப்பகுதியின் நல்ல ஓட்டம், இருபது முப்பது ஆண்டுகளாகக் கழுவிக் கழுவிக் கொண்டுவந்து சேர்த்த கல், வேரில் கணுவாகி நின்றிருக்கிறது. உச்சியில் தங்கியது குழப்பியது. கழுவிப் போனதுதான் சாட்சி சொன்னது.

மறுபடி மைசூர் மைன்ஸ் போனபோது ஆடிக் காற்று. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பொடி பறந்து தெருவில் திரிந்தது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வளையங்களைக் காட்டினேன்.

"அப்போ டிபி இல்லையா?"

"டிபியும் இருந்திருக்கலாம்மா. ஆனா கல்லுதான் முதல்ல வந்தது. அது இல்லேன்னா இது இல்ல."

"அதத்தானே நான் சொன்னேன்," என்றார்.

காடி வாடை அடிக்கும் பழைய உறையை மாற்ற, அமிலமில்லாத தாளில் செய்த புது உறை கொண்டுபோயிருந்தேன். அதன்மேல் பென்சிலால் எழுதினேன்: 64. இரு மேல்மண்டலங்களிலும் நிழல். வேர்க் கணுக்களில் முட்டை ஓட்டு வளையம். சிலிக்கோசிஸ், காசம் சேர்ந்திருக்கலாம்.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

"பேரு எழுதலையே தம்பி."

பழைய சீட்டிலும் பெயர் இல்லை, படத்தில் ஒரு நம்பர்தான் இருந்தது. முதல் வரிக்கு மேலே இடம் விட்டிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல, அப்பா பெயர், சொந்த ஊர், எந்த ஷாஃப்ட் என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதினேன்.